ஈராசிரியர் பள்ளி, ஒரே அறை, இரண்டு ஆசிரியர்கள்: வகுப்பறையை எப்படிப் பிரித்துக்கொள்வது?

இரண்டே ஆசிரியர்கள் இருக்கும் தொடக்கப் பள்ளியில் ஒரே அறையை எப்படிப் பகிர்வது என்று ஓர் ஆசிரியர் கேட்டிருக்கிறார். அவர் சொல்லும் நிலைமை: 1 முதல் 5-ஆம் வகுப்பு வரை 34 பிள்ளைகள், 20-க்கு 20 அடி அறை ஒன்று, பீரோ ஒன்று. 1-3 வகுப்புகள் ஒருவருக்கு, 4-5 இன்னொருவருக்கு.

எல்லாரும் முதலில் செய்வது நடுவில் தடுப்பு வைப்பது. வேண்டாம். தட்டியோ சேலையோ சத்தத்தைத் தடுக்காது. காற்றையும் உங்கள் பார்வையையும்தான் தடுக்கும். ஒருவர் போன் எடுக்க வெளியே போனால் மற்றவர் இரு பக்கமும் பார்க்க முடிய வேண்டும். 3 அடி உயரத் திறந்த அலமாரி போதும். பாயில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு அதற்கு அந்தப் பக்கம் தெரியாது, நிற்கும் ஆசிரியருக்குத் தெரியும். கனமான பொருள்களைக் கீழ்த்தட்டில் வையுங்கள், இல்லாவிட்டால் சாய்ந்துவிடும்.

உண்மையில் பிரிக்க வேண்டியது இடத்தை அல்ல, சத்தத்தை. 40 நிமிடப் பாடவேளையில் முதல் 15 நிமிடம் நீங்கள் பேசுங்கள், அந்தப் பக்கம் எழுத்து வேலை. அடுத்த 15 நிமிடம் மாற்றிக்கொள்ளுங்கள். கடைசி 10 நிமிடம் இருவரும் பிள்ளைகள் பக்கத்தில் உட்கார்ந்து திருத்தலாம். இதில் இடறுவது 1-ஆம் வகுப்புதான். அவர்கள் 7, 8 நிமிடத்துக்கு மேல் எழுத மாட்டார்கள். மீதி நேரத்துக்குக் களிமண், மணி கோர்த்தல், புளியங்கொட்டை என்று ஏதாவது தயாராக இருக்கட்டும். புளியங்கொட்டையைச் சிமெண்ட் தரையில் கொட்டினால் அந்தப் பக்கப் பாடம் போச்சு. அடியில் பழைய போர்வை விரியுங்கள். பாட்டையும் கதையையும் வராண்டாவுக்கோ மரத்தடிக்கோ கொண்டுபோய்விடலாம். அல்லது காலை முதல் 10 நிமிடம் ஐந்து வகுப்பும் சேர்ந்தே பாடட்டும்.

ஆசிரியர்கள் எதிரெதிர் மூலைகளில் நில்லுங்கள். சுவருக்குச் சுவர் 20 அடிதான், மூலைக்கு மூலை 28 அடி. அந்த 8 அடியாவது கூடுதலாகக் கிடைக்கும். பிள்ளைகள் அவரவர் மூலையைப் பார்த்து, முதுகுக்கு முதுகாக உட்காரட்டும். ஜன்னலுக்கு நேர் எதிர்ச் சுவரில் கரும்பலகை வேண்டாம், பளபளத்து எழுத்து தெரியாது. கதவோரம் சின்னப் பிள்ளைகளுக்கு. ஒரு மணி நேரத்தில் நான்கு பேர் ஒன்றுக்குப் போவார்கள், பெரியவர்களைத் தாண்டிப் போகக் கூடாது. தலைமையாசிரியரைப் பார்க்க வருபவர்களுக்கு வராண்டாவில் ஒரு நாற்காலி போட்டுவிடுங்கள்.

2007-இல் செயல்வழிக் கற்றல் (அட்டைகளை வைத்துப் பிள்ளைகள் தாங்களே செய்து படிக்கும் முறை) தமிழ்நாட்டின் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தபோது கட்டிய கீழ்மட்டக் கரும்பலகை, அதாவது பிள்ளைகள் எழுதச் சுவரின் அடிப்பகுதியில் இருக்கும் பலகை, உங்கள் அறையில் இருந்தால், அதன்மேல் படம் வரைய விடாதீர்கள். ஒரு பிள்ளைக்கு 2 அடி வீதம், 16 அடிச் சுவரில் 8 பேர் சத்தமில்லாமல் எழுதலாம். இருவர் பகிரும் அறைக்கு இதைவிட நல்ல சாதனம் கிடையாது. வெளுத்திருந்தால் உப்புத்தாள் தேய்த்து, கரும்பலகை பெயிண்ட் அடித்து, இரண்டு நாள் காயவிடுங்கள். பிறகு சாக்பீஸைப் படுக்கவைத்துப் பலகை முழுக்கத் தேய்த்துத் துடைக்க வேண்டும். இதைச் செய்யாமல் எழுதினால் முதல் நாள் எழுத்தின் தடம் அழியவே அழியாது.

பீரோவைத் தட்டு வாரியாகப் பிரியுங்கள்: மேல்தட்டு ஒருவருக்கு, கீழ்த்தட்டு ஒருவருக்கு, நடுத்தட்டு பொது. சாவி இரண்டு. ஆனால் சாக்பீஸ், டஸ்டர், கத்தரிக்கோல் பொதுவில் வேண்டவே வேண்டாம், தனித்தனியாக இருக்கட்டும். மனஸ்தாபம் பெரும்பாலும் டஸ்டரில்தான் தொடங்குகிறது. பயிற்சி அட்டைகளின் பின்புறம் 1/24, 2/24 என்று எண் போட்டு ரப்பர் பேண்டில் கட்டுங்கள். கடைசி 3 நிமிடம் குழுத் தலைவர் எண்ணிப் பார்த்துத் தட்டில் வைக்கட்டும். இரண்டு அட்டை தொலைந்த கட்டை அப்புறம் யாரும் தொடுவதில்லை.

அடிப்படை வாசிப்பும் கணக்கும் கற்பிக்கும் தமிழ்நாடு அரசின் எண்ணும் எழுத்தும் திட்டம் 2022-23-இல் 1-3 வகுப்புகளுக்கு வந்தது, அடுத்த ஆண்டு 4, 5-க்கும். அரும்பு (தொடக்க நிலை), மொட்டு, மலர் என்று கற்றல் நிலைவாரியாக உட்கார வைக்கும் நேரத்தில் 4-ஆம் வகுப்புப் பிள்ளை யாராவது அரும்பில் இருந்தால், அந்த ஒரு பாடவேளைக்கு மட்டும் அந்தப் பக்கம் அனுப்பலாம். ஒரே அறையில் இருப்பதன் லாபம் இது. யார் எங்கே போகிறார்கள் என்பதை இருவரும் முன்கூட்டியே பேசிவையுங்கள், பிள்ளை முன்னால் பேச வேண்டாம்.

கதவுக்குப் பின்னால் ஒரு நீள நோட்டைக் கட்டித் தொங்கவிடுங்கள். தினமும் ஆளுக்கு மூன்று வரி: பாடம் எங்கே நின்றது, யார் வரவில்லை, நாளை பாட்டு எத்தனை மணிக்கு. எமிஸில் (பள்ளிக் கல்வித் துறையின் இணையப் பதிவு) வருகைப் பதிவை யார் போடுவது என்பதையும் அதிலேயே கிழமைவாரியாக எழுதிவிடுங்கள். எழுதாவிட்டால் இருவரும் மற்றவர் போட்டிருப்பார் என்றே இருப்பார்கள்.

ஒருவர் பயிற்சிக்கோ விடுப்பிலோ போகும் நாளுக்கு ஒரு அட்டைப்பெட்டி தயாராக இருக்கட்டும். வகுப்புக்கு ஒன்றாக ஐந்து உறை, ஒவ்வொன்றிலும் விளக்கம் கேட்காமல் பிள்ளைகளே செய்யக்கூடிய மூன்று மணி நேர வேலை: பார்த்து எழுதுதல், பழைய கணக்கு, படம் பார்த்து வாக்கியம். புதுப் பாடம் வைக்காதீர்கள். பெட்டியைத் திறந்தவர் அந்த வாரத்துக்குள் திரும்ப நிரப்பிவிட வேண்டும்.