சாம்பியன்ஸ் லீக்குக்குள் ஒரு கிளப் எப்படி நுழைகிறது? கேள்வி பதில்

ஐரோப்பிய கிளப் கால்பந்தை வருடக்கணக்காக விடாமல் பார்த்து வருகிறேன். மேட்ச்களை விட, யார் எந்த வழியாக உள்ளே வந்தார்கள் என்ற கணக்கில்தான் எனக்கு ஆர்வம் அதிகம். அதனால் அதைப் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளும் என் பதில்களும் இங்கே. உதாரணங்களைப் பெரும்பாலும் 2025-26 சீசனிலிருந்து எடுத்திருக்கிறேன்.

கேள்வி: அண்ணா, அடிப்படையிலிருந்து சொல்லுங்கள். சாம்பியன்ஸ் லீக்கில் 36 டீம் என்கிறார்கள். அந்த 36 பேர் எங்கிருந்து வருகிறார்கள்?

2024-25 முதல் 36. அதற்கு முன்பு 32 டீம்கள், நான்கு நான்காக எட்டு குரூப். இப்போது குரூப் கிடையாது, எல்லோருக்கும் ஒரே பட்டியல், ஆளுக்கு எட்டு மேட்ச்.

2025-26 கணக்கு இப்படி. ஐரோப்பியக் கால்பந்துக் கூட்டமைப்பான யூஃபா ஒவ்வொரு நாட்டுக்கும் ஐந்து வருட ரேங்க் வைத்திருக்கிறது. முதல் நான்கு நாடுகளுக்கு, அதாவது இங்கிலாந்து, ஸ்பெயின், ஜெர்மனி, இத்தாலிக்கு, தலா நான்கு இடம். ஐந்தாவது நாடான பிரான்சுக்கு மூன்று, ஆறாவதான நெதர்லாந்துக்கு இரண்டு. ஏழு முதல் பத்து வரை சாம்பியன் மட்டும் நேரடியாக வரலாம்: போர்ச்சுகலின் ஸ்போர்ட்டிங், பெல்ஜியத்தின் யூனியன், துருக்கியின் கலாத்தசராய், செக் நாட்டின் ஸ்லாவியா பிராக். இதோடு 25 ஆகிவிட்டது. போன வருட சாம்பியன்ஸ் லீக் வென்றவர், அதற்கு அடுத்த கட்டப் போட்டியான யூரோப்பா லீக் வென்றவர், இவர்களுக்கு ஒவ்வொன்று. முந்தைய சீசனில் ஐரோப்பாவில் நன்றாக ஆடிய இரண்டு நாடுகளுக்குத் தலா ஒரு கூடுதல் இடம். 29 ஆச்சு. மிச்சம் ஏழு இடம்தான். அதற்காக ஜூலையிலிருந்து ஆகஸ்ட் கடைசி வரை ஐரோப்பா முழுக்க அடித்துக்கொள்கிறார்கள்.

ஒன்றைக் கவனியுங்கள்: 2025-26-க்கான நாட்டு ரேங்க், 2023-24 முடிவில் இருந்த கணக்கு. ஒரு வருடம் தள்ளித்தான் பலன் கிடைக்கும்.

கேள்வி: நான் ஆஸ்டன் வில்லா ரசிகன். 2024-25 இங்கிலாந்து லீக்கில் ஆறாவதாக முடித்தும் எங்களுக்கு இடம் இல்லை. 17-வதாக முடித்த டாட்டன்ஹாம் உள்ளே போகிறது. எங்கள் இடத்தைத்தான் அவர்கள் எடுத்துக்கொண்டார்களா?

இல்லை. டாட்டன்ஹாம் வந்தது தனி வாசல். யூரோப்பா லீக் வென்றவருக்கு என்று ஒதுக்கிய இடம் அது. 2025 மே 21 அன்று பில்பாவோவில் மான்செஸ்டர் யுனைடெட்டை 1-0 என்று அடித்ததால் கிடைத்தது. அந்த மேட்ச்சில் டாட்டன்ஹாம் தோற்றிருந்தால் 15-வதாக முடித்த யுனைடெட் போயிருக்கும். எப்படிப் பார்த்தாலும் உங்கள் இடத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

உங்கள் இடம் போனது நியூகாசிலிடம். இரண்டு பேருக்கும் 66 புள்ளி, கோல் வித்தியாசத்தில் அவர்கள் ஐந்தாவது, நீங்கள் ஆறாவது. அந்த ஐந்தாவது இடத்துக்கே அந்த வருடம்தான் மதிப்பு வந்தது, இங்கிலாந்துக்குக் கூடுதல் இடம் கிடைத்ததால். 38 மேட்ச் ஆடிய பிறகு கோல் வித்தியாசத்தில் கைவிட்டுப் போவது உண்மையிலேயே வலிக்கிற விஷயம், அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

இதில் இன்னொரு கதையும் இருக்கிறது. 2023-24-இல் டாட்டன்ஹாம் ஐந்தாவதாக முடித்தது. அந்த வருடம் கூடுதல் இடம் ஜெர்மனிக்கும் இத்தாலிக்கும் போய்விட்டது. இங்கிலாந்துக்குக் கிடைத்திருந்தால் டாட்டன்ஹாம் நேராக சாம்பியன்ஸ் லீக் போயிருக்கும். கிடைக்காததால் யூரோப்பா லீக்குக்குப் போனார்கள். அங்கேதான் அந்தக் கோப்பையைத் தூக்கினார்கள்.

கேள்வி: அந்தக் கூடுதல் இடத்தை எப்படிக் கணக்கிடுகிறார்கள்? கோஎஃபிஷன்ட் என்று சொல்கிறார்கள், தலை சுற்றுகிறது.

பயப்பட வேண்டாம், வகுத்தல் கணக்குதான். ஒரு நாட்டின் கிளப்புகள் அந்த சீசனில் மூன்று ஐரோப்பியப் போட்டிகளிலும் (சாம்பியன்ஸ் லீக், யூரோப்பா லீக், மூன்றாம் கட்டமான கான்ஃபரன்ஸ் லீக்) எடுக்கும் புள்ளிகளைக் கூட்டுகிறார்கள். ஜெயித்தால் 2, டிரா என்றால் 1, தகுதிச் சுற்றுகளில் அதில் பாதி, மேல் சுற்றுக்குப் போகப் போக போனஸ். கூட்டி வந்த தொகையை அந்த நாட்டிலிருந்து எத்தனை கிளப் போனதோ அதால் வகுக்க வேண்டும். முதல் இரண்டு இடத்தில் வரும் நாடுகளுக்குத் தலா ஒரு கூடுதல் இடம். அந்த நாட்டு லீக்கில், ஏற்கெனவே தகுதி பெறாதவர்களில் மேலே இருப்பவர் அதை எடுத்துக்கொள்வார்.

வகுப்பதுதான் இதில் முக்கியம். சும்மா ஒரு உதாரணம்: ஏழு கிளப் சேர்ந்து 98 எடுத்தால் 14. நான்கே கிளப் 60 எடுத்தால் 15. நான்கு கிளப் நாடுதான் மேலே. அதாவது ஒரு கிளப் சீக்கிரம் வெளியேறினால் மொத்த நாட்டையும் கீழே இழுக்கும். 2023-24-இல் மான்செஸ்டர் யுனைடெட்டும் நியூகாசிலும் தங்கள் குரூப்பில் கடைசி. அதே வருடம் ஜெர்மனியிலிருந்து டார்ட்மண்ட் இறுதிப் போட்டி, பயர்ன் அரையிறுதி, லெவர்குசன் யூரோப்பா இறுதி. இத்தாலியின் அட்டலாண்டா யூரோப்பா லீக்கையே வென்றது. அப்புறம் எப்படி இங்கிலாந்துக்குக் கிடைக்கும்?

கேள்வி: அப்படியென்றால் எங்கள் பரம எதிரி கிளப் ஐரோப்பாவில் ஜெயிக்க வேண்டும் என்று நான் வேண்டிக்கொள்ள வேண்டுமா?

கணக்குப்படி ஆமாம். 2024-இல் ஐந்தாவதாக முடித்த பொலோனியா சாம்பியன்ஸ் லீக் ஆடியது, அட்டலாண்டா, ஃபியோரென்டினா, ரோமா எல்லாம் சேர்ந்து சேர்த்த புள்ளிகளால். பொலோனியா அந்த வருடம் ஐரோப்பாவில் ஒரு மேட்ச் கூட ஆடவில்லை. மனசு ஒத்துக்கொள்ளாவிட்டால் வேண்டிக்கொள்ள வேண்டாம், நான் கட்டாயப்படுத்த மாட்டேன்.

கேள்வி: கஜகஸ்தான் கிளப் கைராத் எப்படி ரியல் மாட்ரிட்டுடன் ஆடியது? அது ஆசியா இல்லையா?

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். கஜகஸ்தான் 2002-இல் ஆசியக் கூட்டமைப்பை விட்டு யூஃபாவுக்கு மாறிவிட்டது. கைராத்தின் ஊரான அல்மாட்டி கிழக்கே, சீன எல்லைக்குப் பக்கம்.

சின்ன நாட்டு சாம்பியன்களுக்கு நான்கு சுற்று உண்டு: முதல், இரண்டாவது, மூன்றாவது தகுதிச் சுற்று, கடைசியாக பிளேஆஃப். ஒவ்வொன்றிலும் சொந்த ஊரில் ஒன்று, வெளியூரில் ஒன்று. கைராத் எல்லா நான்கையும் ஆடியது. ஸ்லோவேனியாவின் ஒலிம்பியா, ஃபின்லாந்தின் குப்ஸ், ஸ்லோவாக்கியாவின் ஸ்லோவன் பிராட்டிஸ்லாவா, கடைசியில் ஸ்காட்லாந்தின் செல்டிக். செல்டிக்குடன் இரண்டு மேட்ச்சும் 0-0. பெனால்டியில் 21 வயது கோல்கீப்பர் அனார்பெகோவ் மூன்றைத் தடுத்தார், 3-2. எட்டு மேட்ச் ஆடி, கோடை முழுக்க உயிரைக் கொடுத்து வந்த டீம் அது. அதற்குப் பிறகு ரியல் மாட்ரிட் அல்மாட்டிக்கு வந்து 5-0 என்று அடித்தது, சரி, ஆனால் அந்த ஸ்டேடியத்துக்கு ரியல் மாட்ரிட் வந்தது என்பதே அந்த ஊருக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று யோசியுங்கள். சிலர் இந்த மாதிரி கிளப்புகளை 'நிரப்ப வந்த டீம்' என்கிறார்கள். எனக்கு அது கேட்கவே பிடிக்காது. லீக்கில் நான்காவதாக வந்து நேராக நுழைந்தவரை விட இவர்கள் அதிகம் உழைத்து வந்தவர்கள்.

கேள்வி: வழியில் தோற்றால் அவ்வளவுதானா?

உடனே வெளியே அனுப்ப மாட்டார்கள், கீழே இறக்குவார்கள். சாம்பியன் முதல் சுற்றில் தோற்றால் கான்ஃபரன்ஸ் லீக் தகுதிச் சுற்று. இரண்டாவதில் தோற்றால் யூரோப்பா லீக் மூன்றாவது தகுதிச் சுற்று, மூன்றாவதில் தோற்றால் யூரோப்பா பிளேஆஃப். சாம்பியன்ஸ் லீக் பிளேஆஃபில் தோற்றவர் நேரே யூரோப்பா லீக்கின் பிரதான கட்டத்துக்குப் போவார். செல்டிக் அப்படித்தான் அங்கே போனது. ஆனால் பிரதான கட்டம் ஆரம்பித்த பிறகு இறங்க வழி இல்லை. 25-வது இடமோ அதற்குக் கீழோ வந்தால் அந்த சீசன் முடிந்தது. பழைய முறையில் குரூப்பில் மூன்றாவது வந்தவர் யூரோப்பாவுக்கு இறங்குவார், அதை 2024-இல் எடுத்துவிட்டார்கள்.

கேள்வி: சார், தகுதிச் சுற்றில் 'சாம்பியன்ஸ் பாதை', 'லீக் பாதை' என்று இரண்டு ஏன்? எல்லோரையும் ஒன்றாகக் குலுக்கிப் போட்டால் என்ன?

ஒன்றாகப் போட்டால் சின்ன நாட்டு சாம்பியன் கடைசிச் சுற்றில் ஒரு பெரிய லீக்கின் நான்காவது டீமிடம் மாட்டிக்கொள்வார். 2009-க்கு முன்பு அப்படித்தான் இருந்தது. மிஷேல் பிளாட்டினி யூஃபா தலைவராக இருந்தபோது 2009-10 முதல் இரண்டாகப் பிரித்தார்கள். சாம்பியன்கள் சாம்பியன்களோடு மட்டும் மோதுவார்கள், அவர்களுக்கு ஐந்து இடம். சாம்பியன் அல்லாதவர்கள் தங்களுக்குள் மோதுவார்கள், அவர்களுக்கு இரண்டு.

என்னைக் கேட்டால் இந்தப் போட்டிக்கு நடந்த மிக நல்ல மாற்றம் இதுதான். சைப்ரஸின் அபோயல் இந்த வழியில் வந்து 2011-12-இல் காலிறுதி வரை போனது, லியோனை பெனால்டியில் வெளியேற்றியது. 2021-இல் மால்டோவாவின் ஷெரிஃப் முதல் சுற்றிலிருந்து தொடங்கி உள்ளே வந்து, பெர்னபே ஸ்டேடியத்தில் ரியல் மாட்ரிட்டை 2-1 என்று அடித்தது. அன்றைக்கு தூக்கம் வராமல் உட்கார்ந்திருந்தேன். 2025-26-க்கு கைராத்தோடு போடோ/கிளிம்ட், பாஃபோஸ், கராபாக், கோபன்ஹேகன் வந்தார்கள். பெரிய நாடுகளுக்குக் கூடுதல் இடம் கொடுத்ததற்குப் பதில் அந்த இரண்டையும் இந்தப் பாதையில் சேர்த்து ஏழு ஆக்கியிருக்கலாம். ஏற்கெனவே நான்கு பேர் போகிற நாட்டுக்கு ஐந்தாவது எதற்கு? வில்லா ரசிகர் கோபித்துக்கொண்டாலும் என் கருத்து இதுதான்.

கேள்வி: சாம்பியன்ஸ் லீக் வென்ற டீம் தன் நாட்டு லீக்கில் மேலே வராவிட்டால் என்ன ஆகும்?

இப்போது பிரச்சினையே இல்லை, வென்றவருக்குத் தனி இடம். இந்த நிலைக்கு வர சிலர் விலை கொடுத்திருக்கிறார்கள். 2005-இல் லிவர்பூல் இஸ்தான்புல்லில் கோப்பையை வென்றது, ஆனால் லீக்கில் ஐந்தாவது. நான்காவது எவர்டன். நடப்புச் சாம்பியனை உள்ளே விடுவதா வேண்டாமா என்று பெரிய விவாதம். கடைசியில் விதிவிலக்காக முதல் தகுதிச் சுற்றிலிருந்து ஆடச் சொன்னார்கள். மே கடைசியில் ஐரோப்பாவை வென்ற டீம் ஜூலையில் வேல்ஸ் சாம்பியனோடு ஆடியது. எவர்டன் வில்யாரியலிடம் தோற்று உள்ளேயே வரவில்லை.

2012 இன்னும் கொடுமை. செல்சி லீக்கில் ஆறாவது, ஆனால் மியூனிக்கில் கோப்பை. அப்போது ஒரு நாட்டுக்கு அதிகபட்சம் நான்கு என்று விதி, அதனால் நான்காவதாக வந்த டாட்டன்ஹாமை யூரோப்பாவுக்குத் தள்ளினார்கள். அதன் பிறகு உச்சவரம்பை ஐந்தாக்கினார்கள், 2024-இல் அதையும் எடுத்துவிட்டார்கள். இப்போது ஒரு நாட்டிலிருந்து ஏழு பேர் வரைகூடப் போகலாம். 2025-26-இல் இங்கிலாந்திலிருந்து ஆறு பேர்.

கேள்வி: பிஎஸ்ஜி 2025-இல் சாம்பியன்ஸ் லீக்கும் வென்றது, பிரெஞ்சு லீக்கும் வென்றது. அப்போது அந்தத் தனி இடம் வீணா?

வீணாகாது. சாம்பியன்ஸ் பாதையில் இருப்பவர்களில் அதிக கிளப் கோஎஃபிஷன்ட் (நாட்டுக்கு அல்ல, கிளப்புக்கு உள்ள ஐரோப்பியப் புள்ளிக் கணக்கு) உள்ளவரை நேராக மேலே ஏற்றுவார்கள். 2025-இல் ஒலிம்பியாகோஸ், 2024-இல் ஷக்தார். அதேபோல் யூரோப்பா வென்றவர் லீக் வழியாகவே வந்துவிட்டால் லீக் பாதையில் ஒருவர் மேலே ஏறுவார். 2024-இல் அட்டலாண்டா அப்படி வந்ததால் பென்ஃபிகாவுக்கு அடித்தது யோகம். அடுத்த வருடம் டாட்டன்ஹாமுக்கு அந்த இடம் தேவைப்பட்டதால் பென்ஃபிகா தகுதிச் சுற்று ஆட வேண்டியதாயிற்று. நீஸையும், மொரீன்யோவின் ஃபெனர்பாச்சேவையும் தாண்டி வந்தார்கள். பில்பாவோ மேட்ச்சின் முடிவு பென்ஃபிகாவின் ஊரான லிஸ்பனில் ஆகஸ்ட் மாத வேலையை மாற்றியது. இதெல்லாம்தான் எனக்கு இந்தக் கணக்கில் பிடித்த பகுதி.

கேள்வி: கிரிஸ்டல் பேலஸ் எஃப்ஏ கோப்பை வென்றும் யூரோப்பா லீக் கிடைக்கவில்லையே, ஏன்?

இங்கிலாந்தின் எஃப்ஏ கோப்பை வென்றவருக்கு யூரோப்பா லீக் இடம். லீக் நிலை பார்ப்பதில்லை. 2013-இல் விகன் கோப்பை வென்று அதே சீசனில் இரண்டாம் டிவிஷனுக்கு இறங்கியும் யூரோப்பா ஆடியது. பேலஸின் சிக்கல் வேறு. ஒரே உரிமையாளரின் பிடியில் இருக்கும் இரண்டு கிளப் ஒரே போட்டியில் ஆடக்கூடாது. ஜான் டெக்ஸ்டரின் ஈகிள் நிறுவனத்துக்கு பேலஸிலும் பங்கு, பிரான்சின் லியோனிலும் பங்கு. இரண்டுமே யூரோப்பாவுக்குத் தகுதி பெற்றன. சரிசெய்ய 2025 மார்ச் 1 வரை கெடு. மார்ச்சில் பேலஸ் கோப்பையை வெல்லும் என்று யாருக்குத் தெரியும்? பிறகு டெக்ஸ்டர் பங்கை விற்றார், ஆனால் கெடு முடிந்துவிட்டது. லீக்கில் லியோன் ஆறாவது, பேலஸ் 12-வது. மேலே இருப்பவருக்கு முன்னுரிமை. பேலஸ் கான்ஃபரன்ஸ் லீக்குக்கு இறங்கியது, விளையாட்டு நடுவர் மன்றத்திலும் ஆகஸ்டில் தோற்றார்கள், அந்த இடம் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்டுக்குப் போனது.

விதி தேவைதான், இரண்டு கிளப்புக்கு ஒரே முதலாளி என்றால் நேர்மையான மேட்ச்சை எதிர்பார்க்க முடியாது. ஆனால் அந்த கிளப்பின் வரலாற்றிலேயே முதல் பெரிய கோப்பை அது. முதலாளி தேதியைத் தவறவிட்டதற்கு ரசிகர்கள் தண்டனை அனுபவிப்பது எனக்கு இன்றைக்கும் மனசு ஆறவில்லை.

கேள்வி: லீக்கே இல்லாத நாடு உண்டா? அவர்கள் என்ன செய்வார்கள்?

உண்டு, லீஷ்டென்ஸ்டைன். சுமார் 40,000 பேர், ஏழு கிளப், எல்லாம் சுவிட்சர்லாந்து லீக்குகளில் ஆடுகின்றன. சொந்த லீக் இல்லாததால் சாம்பியன்ஸ் லீக் வாசல் கிடையாது. சொந்தமாக ஒரு கோப்பைப் போட்டி மட்டும் நடத்துகிறார்கள், அதை வென்றவர் கான்ஃபரன்ஸ் லீக் தகுதிச் சுற்றுக்குப் போவார். பெரும்பாலும் வடூஸ்தான். 2022-இல் சுவிஸ் இரண்டாம் டிவிஷனில் ஆடிக்கொண்டிருந்த அந்த வடூஸ், ஸ்லோவேனியாவின் கோப்பர், துருக்கியின் கோன்யாஸ்போர், ஆஸ்திரியாவின் ராபிட் வியன்னா என்று மூன்று டீமைத் தாண்டி குரூப் கட்டத்துக்குப் போனது. வியன்னாவில் நடந்த அந்தக் கடைசி மேட்ச்சின் வீடியோ கிடைத்தால் தேடிப் பாருங்கள்.