மாதர் சங்கத்துக்குக் கடன் கொள்கை எழுதுவது எப்படி?

மட்டக்களப்பு மாவட்டத்தில் களுவாஞ்சிக்குடிப் பக்கம் ஒரு மாதர் சங்கத்துக்குச் சுழற்சிக் கடன் (ஒருவர் திருப்பிக் கட்டும் பணத்தை அடுத்தவருக்குக் கொடுக்கும் கடன்) கொள்கை எழுத வேண்டும், எங்கே தொடங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

வேறு நிறுவனத்தின் கொள்கையைப் பார்த்து எழுதாதீர்கள். கூட்டத்தில் பேசியதைப் பதியும் உங்கள் கூட்டறிக்கைப் புத்தகத்தை எடுங்கள். போன வருடங்களில் எதற்காகச் சண்டை வந்தது, யாருக்குத் தவணை தள்ளிக் கொடுத்தீர்கள், ஏன்? கொள்கைக்கு வேண்டிய விஷயம் அதில்தான் இருக்கிறது.

உதாரணத்துக்கு, மாதாமாதம் கட்ட வேண்டும் என்று எழுதினால், மழைக்காலப் பெரும்போக வயலை நம்பிக் கடன் எடுத்தவர் மார்கழியில் எங்கே போவார்? அறுவடை தையிலிருந்து பங்குனிக்குள்தான். அவருக்குத் தவணையை அறுவடைக்குப் பிறகு வையுங்கள். இடியப்பம் அவித்து விற்பவருக்குக் கிழமைத் தவணை சரி.

வெள்ளம் வந்தால் தவணைக்கு விலக்கு உண்டு என்று மட்டும் எழுதினால் போதாது. யார் தீர்மானிப்பது, எத்தனை நாளுக்குள், எங்கே பதிவது என்பதும் வேண்டும். இல்லாவிட்டால் தலைவிக்கு வேண்டியவர்களுக்கே விலக்கு என்ற பேச்சு வரும். நிர்வாக சபை உறுப்பினரின் உறவினர் கடன் கேட்டால், அந்த உறுப்பினர் வாக்களிக்கக் கூடாது. இதைக் கட்டாயம் சேருங்கள்.

பதிவுபெற்ற சங்கமென்றால், கொள்கை சங்கத்தின் யாப்போடு (அமைப்பு விதிகளோடு) முரண்படுகிறதா என்று பாருங்கள். அப்புறம் வரைவைப் பொதுக்கூட்டத்தில் சத்தமாக வாசியுங்கள். விளங்காத வரியை அங்கேயே மாற்றுங்கள். ஒவ்வொரு அறுவடைக்குப் பிறகும் ஒருமுறை திருத்தலாம்.