பாப்பாவை ஊருக்கே அனுப்பிவிடட்டுமா?

வணக்கம் மேடம்.

எனக்கு 41 வயது. சொந்த ஊர் பாளையங்கோட்டை. மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். மனைவி புற்றுநோயில் இறந்து வரும் மாசியோடு இரண்டு வருடம் முடிகிறது. ஒரே மகள். 10 வயது, ஐந்தாம் வகுப்பு. கடந்த ஜூனில் பதவி உயர்வோடு தில்லிக்கு மாற்றல் வந்தது. வீட்டு நிலைமையைச் சொல்லி மாற்றலை நிறுத்தக் கேட்டுப் பார் என்று எல்லோரும் சொன்னார்கள். நான் கேட்கவில்லை. அந்த வீட்டில் என்னால் இருக்க முடியவில்லை, அதுதான் காரணம். மனைவியின் சாமான்களையெல்லாம் கட்டி அத்தை வீட்டில் (மனைவியின் அம்மா) வைத்துவிட்டு, நாங்கள் இருவரும் இரண்டு பெட்டியோடு ரயிலேறினோம்.

முனிர்காவில் இரண்டாவது மாடியில் வாடகைக்கு இருக்கிறோம். குவார்ட்டர்ஸுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன், இன்னும் வரவில்லை. வீடு தேடும்போது "ஃபேமிலி எப்போ வருவாங்க?" என்று கேட்பார்கள். பாப்பாவைக் காட்டி, இவள்தான் ஃபேமிலி என்றதும் முகம் மாறிவிடும். ஐந்தாவதாகப் பார்த்த வீடுதான் கிடைத்தது.

இங்கே பள்ளிக்கூடம் ஏப்ரலிலேயே தொடங்கிவிடுகிறது. கோடை விடுமுறை முடிந்து ஜூலையில்தான் பாப்பா சேர்ந்தாள். இந்தியில் ஓர் எழுத்தும் தெரியாது. ஊரில் வகுப்பு லீடராக இருந்தவள், இங்கே ஐந்து மாதமாக வகுப்பில் வாயே திறப்பதில்லை என்று டீச்சர் சொல்கிறார். காலையில் எழுந்ததும் வயிறு வலிக்கிறது என்கிறாள். ஞாயிற்றுக்கிழமை வலிப்பதில்லை. டாக்டரிடம் காட்டினேன், ஒன்றுமில்லை என்றார். வீட்டில் என்னிடமும் "ம்", "சரிப்பா" இவ்வளவுதான்.

மதியம் இரண்டரைக்கு வந்துவிடுவாள். கீழ்வீட்டு மலையாள அம்மா நான் வரும்வரை பார்த்துக்கொள்கிறார். நவம்பரில் காற்று மோசமாகி, சின்ன வகுப்புகளை வீட்டிலிருந்தே படிக்கச் சொன்னார்கள். அந்த வாரம் அவர் ஊரில் இல்லை. என் லீவெல்லாம் மனைவியின் சிகிச்சைக்கே தீர்ந்துவிட்டது. இரண்டு நாள் வெளியே பூட்டிவிட்டு ஆபீஸ் போனேன். இதை எழுதவே கை கூசுகிறது.

பக்கத்துத் தெருவில் ஒரு தமிழ்க் குடும்பம் இருக்கிறது. நல்லவர்கள். ஆனால் பாப்பாவைப் பார்க்கும்போதெல்லாம் "தாயில்லாப் பிள்ளை" என்று கண் கலங்குவார்கள். அதனால் போவதை நிறுத்திவிட்டேன்.

பாப்பா மனம் விட்டுப் பேசுவது ஆச்சியிடம் மட்டும்தான், ராத்திரி போனில். போன வாரம் தற்செயலாகக் காதில் விழுந்தது. "ஆச்சி, அம்மா என் வயசுல எப்படி இருந்தா, சொல்லு" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். நான் உள்ளே வந்ததும் "சாப்ட்டியா ஆச்சி?" என்று பேச்சை மாற்றிவிட்டாள்.

அக்டோபரில் அவள் பிறந்தநாள். என்ன வேண்டும் என்று கேட்டேன். சொதி வேண்டும் என்றாள். அதெல்லாம் இங்கே கிடைக்காதும்மா என்று சொல்லி ஓட்டலுக்குக் கூட்டிப் போனேன்.

அத்தை தினமும் சொல்கிறார்: "பொம்பளப் பிள்ளய வச்சிக்கிட்டு அங்க ஒத்தையில என்ன செய்வீய மாப்ள? இன்னும் ஒண்ணு ரெண்டு வருசத்துல ஆளாயிருவா. எங்கிட்ட விட்ருங்க." அவர் சொல்வதில் நியாயம் இருப்பதாகவே படுகிறது. அனுப்பிவிட்டால் அவளாவது நன்றாக இருப்பாள். ஆனால் அவளும் போய்விட்டால் நான் என்ன ஆவேன் என்று நினைத்தால் தூக்கம் வருவதில்லை. இது சுயநலமா? நான் என்ன செய்யட்டும்?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகர், புது தில்லி

*

அன்புள்ள வாசகருக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். வீடு, பள்ளி, டீச்சர், கீழ்வீட்டு அம்மா எல்லாரைப் பற்றியும் எழுதியிருக்கிறீர்கள். மனைவியைப் பற்றி இறந்த மாதமும் நோயின் பெயரும் மட்டும் இருக்கின்றன. அவர் எப்படிப்பட்டவர், உங்களுக்கு அவர் யார் என்று ஒரு வரிகூட இல்லை. குறை சொல்லவில்லை. எழுத முடியவில்லை என்பது புரிகிறது. பாப்பாவுக்கும் அது புரிந்திருக்கிறது.

சொதி என்று அவள் கேட்டதைப் பாருங்கள். தில்லியில் தேங்காய் கிடைக்காதா? முருங்கைக்காயும் பாசிப்பருப்பும் கிடைக்காதா? தமிழர்களும் மலையாளிகளும் இத்தனை பேர் இருக்கும் முனிர்காவில் எல்லாமே கிடைக்கும். திருநெல்வேலிப் பக்கம் சொதி என்பது விசேஷத்துக்கு வைக்கும் தேங்காய்ப்பால் குழம்பு. உங்கள் வீட்டில் அதை யார் வைத்திருப்பார் என்று ஊகிக்கிறேன். அவள் அம்மாவைப் பற்றிப் பேச ஒரு வழி கேட்டாள். நீங்கள் "இங்கே கிடைக்காது" என்றீர்கள். அப்பாவிடம் இதைப் பேசக் கூடாது, பேசினால் அப்பா தாங்க மாட்டார் என்று முடிவு செய்துவிட்டாள். அதனால்தான் நீங்கள் அறைக்குள் வந்ததும் "சாப்ட்டியா ஆச்சி?" ஆகிறது. பத்து வயதுக் குழந்தை உங்களைப் பாதுகாத்துக்கொண்டிருக்கிறது. அந்தப் பாரத்தைத்தான் முதலில் இறக்க வேண்டும். இந்தியும் பள்ளிக்கூடமும் அப்புறம்.

பத்து வயதில் மரணம் என்றால் திரும்பி வராமை என்று குழந்தைகளுக்கு நன்றாகவே தெரியும். ஆனால் அவர்கள் பெரியவர்களைப் போல ஒரே மூச்சில் அழுது தீர்ப்பதில்லை. அரைமணி நேரம் விளையாடுவார்கள், ஐந்து நிமிடம் துக்கப்படுவார்கள், மறுபடி விளையாடப் போவார்கள். அந்த ஐந்து நிமிடத்தில் பக்கத்தில் ஒரு ஆள் வேண்டும். இப்போது அந்த ஆள் 2,500 கிலோமீட்டருக்கு அப்பால் போனில் இருக்கிறார்.

ஆகவே நீங்கள்தான் முதலில் பேச வேண்டும். பெரிதாக உட்காரவைத்துச் சொல்ல வேண்டாம். துணி மடிக்கும்போது, பஸ்ஸுக்கு நிற்கும்போது, "உங்கம்மாவுக்கு இந்தக் குளிர் ஆகவே ஆகாது" என்று ஒரு வாக்கியம் போதும். முதல் தடவை அவள் ஒன்றும் சொல்லாமல் உங்கள் முகத்தைப் பார்ப்பாள். பேச்சை மாற்றாமல் இருங்கள். கண்ணில் தண்ணீர் வந்தால் வரட்டும். அப்பா அழுதார், அழுது முடித்து தோசை சுட்டார் என்று அவள் பார்ப்பது அவளுக்கு நல்லது. அத்தை வீட்டில் வைத்துவிட்டு வந்த சாமான்களில் எது வேண்டும் என்று பாப்பாவையே கேட்டுப் பார்சலில் வரவழையுங்கள். மாசியில் வரும் திதியை எப்படிச் செய்யலாம் என்பதிலும் அவளுக்கு ஒரு பங்கு இருக்கட்டும். மலை மந்திர் முருகன் கோயில் உங்களுக்குப் பக்கம்தான். அன்றைக்கு ஏறிப் போய்வரலாம் என்று அவள் சொன்னாலும் சொல்வாள்.

பள்ளி விஷயத்தில் நீங்கள் பயப்படும் அளவுக்கு ஒன்றும் இல்லை. புது மொழிக்குள் வந்து விழும் குழந்தை சில மாதங்கள் வாய் திறக்காமல் கேட்டுக்கொண்டே இருப்பது வழக்கம். உள்ளே மொழி சேர்ந்துகொண்டுதான் இருக்கும். டீச்சரிடம் போய், எழுந்து நின்று பதில் சொல்லச் சொல்லாமல், கரும்பலகையில் எழுதவோ நோட்டை வாங்கி வரவோ ஏதாவது ஒரு பொறுப்பு கொடுங்கள் என்று கேளுங்கள். அம்மா இல்லாத குழந்தை என்பதையும் டீச்சரிடம் தனியாகச் சொல்லிவிடுங்கள். இன்னொன்றும் யோசிக்கலாம். தில்லித் தமிழ்க் கல்விக் கழகம் நடத்தும் பள்ளிகளில் தமிழும் ஒரு பாடம். அதில் ஒன்று உங்கள் பக்கத்து ஆர்.கே.புரத்திலேயே இருக்கிறது. மாற்றியே ஆக வேண்டும் என்று சொல்ல வரவில்லை. ஏப்ரலில் புது வகுப்பு தொடங்கும் முன் பாப்பாவோடு ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். வயிற்று வலி பொய் இல்லை. மனக்கலக்கம் குழந்தைகளுக்கு வயிற்றில்தான் முதலில் தெரியும். "நடிக்காதே" என்று ஒருபோதும் சொல்லிவிடாதீர்கள்.

பூட்டிவிட்டுப் போன அந்த இரண்டு நாள். கை கூசினாலும் எழுதினீர்களே, அதற்கு நன்றி. இனி ஒரு நாளும் அப்படிச் செய்யக் கூடாது. தீப்பிடித்தாலும் கேஸ் கசிந்தாலும் அவளால் வெளியே வர முடியாது. இதில் சமாதானத்துக்கே இடமில்லை. ஆனால் உங்களுக்குத் தெரியாத ஒரு வழி இருக்கிறது என்று நினைக்கிறேன். குழந்தை வளர்ப்பு விடுப்பு பெண் ஊழியர்களுக்கு மட்டும்தான் என்று பலர் நினைக்கிறார்கள். மத்திய அரசு 2018 டிசம்பரில் விதியைத் திருத்தி, மனைவியை இழந்தவர் உள்பட தனியாகக் குழந்தை வளர்க்கும் ஆண் ஊழியர்களுக்கும் அதைக் கொடுத்துவிட்டது. மொத்த சர்வீஸில் 730 நாள், குழந்தைக்கு 18 வயது ஆகும்வரை எடுக்கலாம். முதல் 365 நாளுக்கு முழுச் சம்பளம், அடுத்த 365 நாளுக்கு 80 சதவீதம். ஒரு தடவைக்கு ஐந்து நாளுக்குக் குறையக் கூடாது, முன்கூட்டி அனுமதி வாங்க வேண்டும். நாளைக்கே நிர்வாகப் பிரிவில் கேளுங்கள். ஒரு வாரம் பத்து நாள் இப்போதே எடுத்து அவளோடு வீட்டில் இருங்கள். அடுத்த நவம்பரிலும் காற்று இப்படித்தான் இருக்கும், அதற்கும் சில நாட்களை ஒதுக்கி வையுங்கள். உங்கள் அலுவலக வளாகத்திலோ பக்கத்திலோ குழந்தைகள் காப்பகம் இருக்கிறதா என்பதையும் விசாரியுங்கள்.

அந்தத் தமிழ்க் குடும்பத்தை விட்டுவிடாதீர்கள். தில்லியில் ராத்திரி பதினொரு மணிக்குக் காய்ச்சல் வந்தால் கதவைத் தட்ட உங்களுக்கு ஒரு வீடு வேண்டும். அந்த வீட்டு அம்மாவிடம் பாப்பா இல்லாத நேரத்தில், "அவ முன்னாடி அந்த வார்த்தை மட்டும் வேண்டாம்க்கா, மத்தபடி அவங்கம்மாவப் பத்தி என்ன வேணாலும் கேளுங்க" என்று சொல்லிப் பாருங்கள். பிரியத்தில் சொல்கிறவர்கள், சொன்னால் கேட்டுக்கொள்வார்கள். கீழ்வீட்டு அம்மாவோடு சேர்த்தால் இரண்டு வீடு ஆகிவிடும்.

வயதுக்கு வருவதைப் பற்றி அத்தை கவலைப்படுவது சரிதான். ஆனால் அது பிள்ளையை அனுப்புவதற்குக் காரணம் ஆகாது. பத்து பதினொரு வயதிலேயே சில குழந்தைகளுக்கு வந்துவிடுகிறது, அதனால் இப்போதே சொல்லிவைக்க வேண்டும். நீங்களே சொல்லலாம். அப்பா சொல்லக் கூடாத விஷயம் எதுவும் இதில் இல்லை. உடம்பில் இப்படி ஒரு மாற்றம் வரும், ரத்தம் பார்த்துப் பயப்படாதே, பள்ளியில் ஆனால் டீச்சரிடம் சொல், வீட்டில் ஆனால் என்னிடம் சொல், நாப்கின் இந்த அலமாரியில் இருக்கிறது. இதைச் சொல்ல ஐந்து நிமிடம் ஆகாது. மீதியை ஆச்சியும் கீழ்வீட்டு அம்மாவும் ஒரு பெண் டாக்டரும் சொல்வார்கள். அவள் அம்மா இருந்திருந்தால் எப்படிக் கொண்டாடியிருப்பாள் என்பதைச் சொல்லவும் உங்களைவிட்டால் ஆளில்லை.

சரி, அனுப்பலாமா வேண்டாமா? இப்போது வேண்டாம். இரண்டு வருடத்துக்குள் அம்மாவை இழந்தாள், ஊரை விட்டாள். அப்பாவையும் பிரிந்தால் மூன்றாவது பிரிவு. தன்னால் சமாளிக்க முடியாததால் அனுப்பிவிட்டார்கள் என்று அவள் எடுத்துக்கொள்ளவும் கூடும். மார்ச்சில் பரீட்சை முடியும். நம் ஊரில் பள்ளி ஜூனில்தான் தொடங்கும். அப்போதும் வேண்டுமென்றால் முடிவெடுக்க நேரம் இருக்கிறது. அதுவரை இந்தப் பேச்சு அவள் காதில் விழ வேண்டாம். "நீ ஆச்சியோட போறியா, அப்பாவோட இருக்கியா?" என்று தேர்ந்தெடுக்கச் சொல்லவும் வேண்டாம். அத்தையைச் சில வாரம் தில்லிக்கு வந்து இருக்கச் சொல்லுங்கள். அவரும் மகளைப் பறிகொடுத்தவர். பேத்தியைக் கேட்பதில் அந்தத் தவிப்பும் இருக்கிறது.

அவள் இல்லாமல் நான் என்ன ஆவேன் என்று கேட்டீர்கள். அது சுயநலம் இல்லை. ஆனால் அந்தக் கேள்வியைத் தாங்க வேண்டிய ஆள் பாப்பா இல்லை. தூக்கம் போய்விட்டது என்கிறீர்கள், அதற்கு நீங்கள் உதவி தேட வேண்டும். அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண் 14416, காசில்லை, எந்த நேரமும் கூப்பிடலாம், தமிழில் பேசுவார்கள். பாப்பா சாப்பாட்டைக் குறைத்தாலோ, எடை குறைந்தாலோ, ஓரிரு வாரம் தொடர்ந்து பள்ளிக்கே போக மறுத்தாலோ, அம்மாவிடம் போக வேண்டும் என்பதுபோல ஏதாவது சொன்னாலோ காத்திருக்காதீர்கள். எய்ம்ஸ் மருத்துவமனை உங்களுக்கு அருகில்தான். அங்கே மனநலப் பிரிவில் குழந்தைகளையும் பார்க்கிறார்கள்.

இந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் அத்தைக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வையுங்கள். சொதிக்குப் பக்குவம் கேளுங்கள். பாப்பா தேங்காய் துருவட்டும். முதல் பாலைக் கடைசியில்தான் விட வேண்டும், கொதிக்க விடக் கூடாது, இறக்கியபிறகு இஞ்சிச் சாறும் எலுமிச்சையும். அத்தை சொல்லி முடிப்பதற்குள், "இல்ல ஆச்சி, அம்மா வேற மாதிரி செய்வா" என்று பாப்பா குறுக்கே வந்தால், அவள் சொல்கிறபடியே செய்யுங்கள்.