கரை காருக்கா, காலுக்கா?

கேள்வி: பாரிஸில் செய்ன் நதியில் மக்கள் இறங்கிக் குளிக்கிறார்களாமே. எங்கள் மதுரையிலும் வைகையின் இரண்டு கரையிலும் தடுப்புச் சுவர் கட்டிச் சாலை போட்டாயிற்று. அதன் ஓரமாகப் பூங்கா, நடைபாதை, விளக்கு எல்லாம் வைத்துவிட்டால் நமக்கும் அப்படி ஓர் ஆற்றங்கரை கிடைத்துவிடாதா?
- ஒரு வாசகர், செல்லூர், மதுரை

பதில்: பூங்காவும் விளக்கும் வரட்டும், வேண்டாம் என்று யார் சொல்வார்கள்? ஆனால் ஆற்றையொட்டிச் சாலை என்பது பாரிஸ்காரர்கள் 1967-லேயே செய்து, பிறகு படாத பாடுபட்டுத் திரும்பப் பெற்ற விஷயம். வலது கரையில் தண்ணீரை ஒட்டியே விரைவுச் சாலை போட்டார்கள். ஆற்றங்கரைக்கு நடந்து போக வேண்டுமென்றால் கார்களைத் தாண்ட வேண்டும். 2002 கோடையில் மாநகராட்சி ஒரு காரியம் செய்தது: சில வாரங்களுக்கு மட்டும் கார்களை நிறுத்தி, அந்தச் சாலையில் மணலைக் கொட்டி, சாய்வு நாற்காலிகளைப் போட்டுவிட்டது. கூட்டம் அள்ளியது. அடுத்தடுத்த கோடையிலும் தொடர்ந்தார்கள். கரை எப்படி இருக்கும் என்று ஜனங்கள் அனுபவித்துப் பார்த்த பிறகுதான் 2013-ல் இடது கரையில் ஒரு பகுதியும், 2016-ல் வலது கரையில் 3.3 கிலோமீட்டரும் நிரந்தரமாகக் கார்களுக்கு மூடப்பட்டன. எதிர்ப்பு பலமாகவே இருந்தது. வழக்குப் போட்டார்கள், 2018-ல் நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்தும் செய்தது. மாநகராட்சி விடவில்லை, கரையின் பாரம்பரியத்தைக் காரணம் காட்டிப் புது உத்தரவு போட்டது. அது நிலைத்துவிட்டது.

உங்கள் ஊரிலும் மாதத்தில் ஒரு ஞாயிறு காலையில் வைகைக் கரைச் சாலையை வண்டிகளுக்கு மூடிப் பார்க்கச் சொல்லுங்கள். செலவே இல்லாத சோதனை இது!

கேள்வி: சரி, அந்தத் தண்ணீரை எப்படிச் சுத்தம் செய்தார்கள்?
- ஒரு வாசகி, கரூர்

பதில்: பணம் போனது இதில்தான். சுமார் 140 கோடி யூரோ. பாரிஸின் பழைய சாக்கடையில் மழைநீரும் கழிவுநீரும் ஒரே குழாயில் ஓடுகின்றன, பெருமழை அடித்தால் நிரம்பி எல்லாம் ஆற்றில் கொட்டும். அதனால்தான் ஆஸ்டர்லிட்ஸ் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில், 50 மீட்டர் அகலத்தில் 30 மீட்டர் ஆழத்துக்குத் தோண்டி, 5 கோடி லிட்டர் பிடிக்கும் நிலத்தடித் தொட்டி கட்டினார்கள். மழை ஓயும்வரை அது தாங்கிக்கொள்ளும், அப்புறம் தண்ணீர் மெதுவாகச் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகும். இதைவிடப் பொறுமையான வேலை ஒன்று உண்டு. மேல்பக்கத்து ஊர்களில் எந்தெந்த வீட்டுக் கழிவுக் குழாய் தவறாக மழைநீர்க் குழாயில் சேர்ந்திருக்கிறது என்று வீடு வீடாகத் தேடிப் பிடித்து மாற்றினார்கள். படகு வீடுகளையும் விடவில்லை.

செல்லூர் வாசகரும் இதைப் படிக்க வேண்டும், ஏனென்றால் அவர் ஊரின் பந்தல்குடி வாய்க்கால் வழியாகக் கழிவுநீர் நேராக வைகைக்குத்தான் வருகிறது. செய்ன் வருஷம் முழுக்க ஓடும் நதி. வைகையிலோ அழகர் இறங்குவதற்கே அணையிலிருந்து தண்ணீர் திறந்துவிட வேண்டியிருக்கிறது. ஓட்டம் இல்லாத ஆற்றில் கொஞ்சம் சாக்கடை கலந்தாலும் அது அங்கேயே தேங்கி ஆகாயத்தாமரை மண்டிவிடும். அதனால் வைகைக்கு வாய்க்கால்தான் முதல் வேலை, அதை விட்டுவிட்டுக் கரைக்கு எத்தனை கோடி கொட்டினாலும் மாலையில் குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு வந்து உட்கார முடியாது.

கேள்வி: செய்னில் குளிக்கக் கட்டணம் உண்டா? பாதுகாப்பு எப்படி?
- ஒரு வாசகர், ஓசூர்

பதில்: இலவசம். 1923-லிருந்து இருந்த தடை நீங்கி, 2025 ஜூலை 5-ல் மூன்று இடங்களைத் திறந்தார்கள், கோடையில் மட்டும். உயிர்காப்பாளர்கள் நிற்கிறார்கள், நீந்துகிறவர்கள் இடுப்பில் மஞ்சள் மிதவை கட்டிக்கொள்ள வேண்டும். தினமும் தண்ணீரைச் சோதித்துக் கொடி ஏற்றுகிறார்கள், சிவப்பு என்றால் இறங்கக் கூடாது. திறந்த மறுநாளே மழையால் மூடினார்கள், அதை மறைக்கவும் இல்லை. தண்ணீர் இன்று எப்படி என்று தினமும் ஊருக்குச் சொல்லும் இந்தப் பழக்கத்தை நம் மாநகராட்சிகள் எல்லாம் நாளைக்கே தொடங்கலாம். அதற்கு எந்தச் சுவரும் கட்டிமுடிக்கக் காத்திருக்க வேண்டியதில்லை.