படிப்பகத்தை எந்தத் தெருவில் வைப்பது?

அன்புள்ள ஐயா,

எனக்குத் தென்காசி மாவட்டத்தில் ஒரு சிற்றூர். திருப்பூரில் வேலை பார்த்துவிட்டு ஊருக்கே திரும்பிவிட்டேன். பத்தாவது, பன்னிரண்டாவது படிக்கிற பையன்கள் சாயங்காலமானால் குளத்துக்கரையில் செல்போனோடு உட்கார்ந்திருக்கிறார்கள். சிலருக்குக் குடியும் பழகிவிட்டது. சாதிப் பெருமை பேசி ரீல்ஸ் போடுகிறார்கள், அதை வைத்துப் பள்ளிக்கூட வாசலில் அடிதடி. ஒரு பேச்சாளரை அழைத்துத் தன்னம்பிக்கைக் கூட்டம் நடத்தினோம். நன்றாகக் கைதட்டினார்கள், மறுநாள் பழையபடி குளத்துக்கரை. இப்போது ஒரு படிப்பகம் ஆரம்பிக்கலாம் என்று யோசிக்கிறோம். எங்கள் சமுதாயப் பெரியவர்கள் எங்கள் தெருக் கோயில் மண்டபத்தைத் தருவதாகச் சொல்கிறார்கள். ஆரம்பித்தால் நிலைக்குமா? இந்தப் பிள்ளைகள் தேற வேறு என்ன செய்யலாம்?

(பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள நண்பருக்கு,

பேச்சாளர் வந்து போனதோடு விஷயம் முடிந்துவிட்டதே என்று நீங்கள் சோர்ந்து போயிருப்பது தெரிகிறது. அந்தக் கூட்டம் பலன் தராததற்கு நீங்களும் காரணம் இல்லை, அந்தப் பையன்களும் காரணம் இல்லை. ஒரு நாள் வந்து பேசிவிட்டுப் போகிறவரிடம் ஒரு பையன் தன் கஷ்டத்தைச் சொல்லமாட்டான்.

ஹவாய்த் தீவுகளில் கவாய் என்று ஒரு தீவு. அங்கே 1955-இல் பிறந்த 698 குழந்தைகளை எம்மி வெர்னர் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் நாற்பது வயதுவரை தொடர்ந்து கவனித்தார்கள். வறுமை, ஓயாத குடும்பச் சண்டை, குடிக்கிற அப்பா, மனநலம் குன்றிய அம்மா என்று பல சுமைகளோடு வளர்ந்த பிள்ளைகளில் மூன்றில் ஒருவர் எந்தப் பெரிய சிக்கலிலும் மாட்டாமல் நல்லபடியாக வளர்ந்திருந்தார்கள். அவர்கள் வாழ்க்கையில் திரும்பத் திரும்பத் தென்பட்டது, அவர்கள்மேல் அக்கறையோடு தொடர்ந்து கூட இருந்த யாரோ ஒரு பெரியவர். பாட்டியோ, ஆசிரியரோ, பக்கத்து வீட்டுக்காரரோ, தேவாலயத்தில் பழக்கமானவரோ, யாராகவும் இருக்கலாம். உங்கள் படிப்பகத்தில் புத்தகம் எவ்வளவு இருக்கிறது என்பது எனக்கு இரண்டாவது கேள்விதான். தினம் வருகிற பெரியவர் யார், ஒரு பையன் ரெண்டு நாள் வராவிட்டால் "என்னடா, ஆளையே காணோம்?" என்று வீடுவரை போய்க் கேட்கிறவர் யார் என்பதே முதல் கேள்வி. அப்படி மூன்று பேர் முறைவைத்து வர ஒப்புக்கொண்டால் ஆரம்பியுங்கள், கட்டாயம் நிலைக்கும்.

இனி ஐஸ்லாந்து. ஒரு சிறிய நாடு, மொத்த மக்கள்தொகையே நாலு லட்சத்துக்குள். 1998-இல் அங்கே 15, 16 வயதுப் பிள்ளைகளில் 42 சதவீதம் பேர் முந்தைய ஒரு மாதத்துக்குள் குடித்துப் போதையேறியவர்கள். 2016-இல் அது 5 சதவீதமாகக் குறைந்துவிட்டது. தினமும் புகைப்பவர்கள் 23 சதவீதத்திலிருந்து 3 சதவீதமானார்கள். அதே காலத்தில் மற்ற பல ஐரோப்பிய நாடுகளிலும் இளைஞர்களின் குடி குறைந்தது, ஆகவே எல்லாப் பெருமையும் ஐஸ்லாந்து தன் பிள்ளைகளுக்காக நடத்திய திட்டத்துக்கே போகாது. ஆனாலும் இவ்வளவு பெரிய சரிவைச் சும்மா ஒதுக்கிவிடவும் முடியாது.

அந்தத் திட்டத்தோடு சட்டமும் இருந்தது. 20 வயதுக்குக் கீழே மது கிடையாது, 18 வயதுக்குக் கீழே சிகரெட் கிடையாது, குளிர்காலத்தில் 13 முதல் 16 வயதுவரை உள்ளவர்கள் இரவு பத்து மணிக்குமேல் வெளியே சுற்றக்கூடாது. நம் ஊரில் இந்தச் செய்தியைப் படிக்கிறவர்கள் இதை மட்டும் பிடித்துக்கொண்டு "கண்டித்தால் சரியாகிவிடும்" என்கிறார்கள். நான் முக்கியமாக நினைப்பது வேறு இரண்டு. ஒன்று, விளையாட்டு, இசை, நடனம் எல்லாவற்றுக்கும் பயிற்சியாளரோடு இடம் இருந்தது. பணம் இல்லாததால் எந்தப் பிள்ளையும் வெளியே நிற்கக் கூடாது என்று தலைநகர் ரெய்க்யவிக்கில் நகராட்சியே உதவித்தொகை கொடுத்தது. இரண்டு, பள்ளிகளில் பெற்றோர் ஒன்றுசேர்ந்து ஒப்பந்தம் போட்டார்கள். பெரியவர் இல்லாத விருந்துக்குப் பிள்ளையை விடமாட்டேன், வயது வராதவர்களுக்கு மது வாங்கித் தரமாட்டேன், மற்ற பிள்ளைகள்மேலும் ஒரு கண் வைத்திருப்பேன் என்று கையெழுத்துப் போட்டார்கள். தன் பிள்ளையின் சிநேகிதனுடைய அப்பா அம்மாவையும் தெரிந்து வைத்திருந்தார்கள்.

சிநேகிதனின் அப்பா அம்மாவைத் தெரிந்து வைத்திருப்பதுதான் நம் ஊரில் சிக்கலாகும் இடம். ஐஸ்லாந்துக்காரர்கள் யோசிக்கத் தேவையில்லாத ஒன்றை நீங்கள் யோசித்தாக வேண்டும்.

2023 ஆகஸ்டில் உங்களுக்குப் பக்கத்து மாவட்டத்தில், நாங்குநேரியில் நடந்ததை மறந்திருக்கமாட்டீர்கள். பன்னிரண்டாவது படித்த பட்டியல் சாதி மாணவனை அவனுடைய பள்ளியிலேயே படித்த பையன்கள் வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கையையும் விடவில்லை. வெட்டிய பையன்கள் தனிமையில் வாடியவர்கள் இல்லை. கூட்டாளிகள் இருந்தார்கள், சொந்தபந்தம் சூழ இருந்தார்கள். தெருப் பாசத்துக்கு நம் ஊரில் பஞ்சமே கிடையாது. தெரு தாண்டிய பழக்கம்தான் இல்லை. எதிர்த்தெருப் பையன் வீட்டில் ஒரு வாய் காப்பி குடித்தவனுக்கு அவன்மேல் கை ஓங்குவது அவ்வளவு சுலபமாக வராது என்று நான் முழுமையாக நம்புகிறேன். அந்தச் சம்பவத்துக்குப் பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024-இல் கொடுத்த அறிக்கையில், மாணவர்கள் சாதியைக் காட்டும் வண்ணக் கயிறு கட்டுவதைத் தடுக்கவும், பள்ளிப் பெயர்களில் ஒட்டியிருக்கும் சாதியை நீக்கவும் பரிந்துரைத்தது. அதெல்லாம் வேண்டியதுதான். ஆனால் கயிறை அவிழ்த்த பிறகு அந்தப் பையன் சாயங்காலம் யாரோடு சேர்ந்து விளையாடுவான்?

அதனால் மண்டபம் வேண்டாம் நண்பரே. பெரியவர்களின் நல்ல மனதை மதித்து, நன்றி சொல்லி மறுத்துவிடுங்கள். உங்கள் தெருக் கோயில் மண்டபத்துக்கு மற்றத் தெருப் பிள்ளைகள் வரமாட்டார்கள், வந்தாலும் ஓரமாகத்தான் நிற்பார்கள். அப்புறம் அவர்களுக்கென்று ஒரு படிப்பகம் வரும், பொங்கல் விளையாட்டு விழாவில் இரண்டும் மோதும். ஊராட்சி நூலகக் கட்டடம் பூட்டிக் கிடந்தால் அதைத் திறக்கச் சொல்லி மனுக் கொடுங்கள், இல்லையென்றால் பள்ளிக்கூடத்தையே கேளுங்கள். அரசுப் பள்ளி என்றால் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கும். உறுப்பினர்களில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். எல்லாத் தெருக்காரர்களும் ஒரே பாயில் உட்காரும் இடம் உங்கள் ஊரில் அநேகமாக அது ஒன்றுதான். ஐஸ்லாந்துப் பெற்றோர் போட்ட ஒப்பந்தம் மாதிரி ஒன்றை அங்கே பேசிப் பாருங்கள். குடியை மட்டும் பேசாதீர்கள், ரீல்ஸையும் பேசுங்கள். 2024-இல் ஊராட்சிகளுக்கு விளையாட்டுச் சாமான்கள் அடங்கிய கலைஞர் விளையாட்டுத் தொகுப்பு கொடுத்தார்கள். உங்கள் ஊருக்கு வந்தது எந்த அறையில் இருக்கிறது என்று விசாரியுங்கள். அணி பிரிக்கும்போது சீட்டுக் குலுக்கிப் பிரியுங்கள், தெருவாரியாக மட்டும் ஒருபோதும் வேண்டாம்.

இன்னொன்று. உங்கள் கடிதம் முழுக்கப் பையன்கள்தான். பெண்பிள்ளைகள் குளத்துக்கரையில் உட்காருவதில்லை என்பதால் அவர்களுக்குப் பிரச்சினை இல்லை என்று ஆகிவிடாது. வீட்டுக்குள்ளேயே இருப்பதால் நம் கண்ணில் படவில்லை, அவ்வளவுதான். ஐந்து மணியிலிருந்து ஆறரைக்குள் என்று நேரம் வையுங்கள், முறைவைத்து வரும் மூன்று பேரில் ஒருவராவது பெண்ணாக இருக்கட்டும். அரசின் இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில் பாடம் சொல்லிக்கொடுத்த பெண் ஒருவர் உங்கள் ஊரிலேயே இருக்கலாம். தெருப் பிள்ளைகளின் பெயரெல்லாம் அவருக்குத் தெரிந்திருக்கும். முதலில் அவரைப் போய்ப் பாருங்கள்.

பொது இடம் கிடைத்ததும் எழுதுங்கள். என்னிடம் உள்ள சிறுவர் நூல்களையும் போட்டித் தேர்வு நூல்களையும் அனுப்பி வைக்கிறேன்.

அன்புடன்.