சட்ட ஆலோசனை: இங்கே பிறந்த ரோஹிங்கியாச் சிறுமிக்கு இந்தியக் குடியுரிமை உண்டா?

கேள்வி: நான் சென்னைப் புறநகரில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை. 2012ஆம் ஆண்டுக் கலவரத்தில் மியான்மரின் ரக்கைன் மாநிலத்திலிருந்து தப்பி வந்த ரோஹிங்கியாக் குடும்பம் ஒன்றின் மகளுக்கு மாலையில் பாடம் சொல்லித் தருகிறேன். 2013இல் இங்குள்ள அரசு மருத்துவமனையில் பிறந்தவள். பிறப்புச் சான்றிதழ் இருக்கிறது. எட்டாம் வகுப்பு முடிந்து ஒன்பதாம் வகுப்புக்கு வேறு பள்ளியில் சேர்க்கப் போனபோது ஆதார் கேட்கிறார்கள். பணம் கொடுத்தால் ஆதார் வாங்கித் தருவதாக ஒரு தரகர் அவளுடைய தந்தையிடம் பேசியிருக்கிறார். தந்தையிடம் ஐ.நா. அகதி அட்டையும், கைப்பேசியில் தம் தகப்பனாரின் பழைய பர்மிய அடையாள அட்டையின் படமும்தான் இருக்கின்றன. இங்கே பிறந்தவள் இந்தியக் குடிமகள் ஆகமாட்டாளா? இவர்களைத் திருப்பி அனுப்பிவிடுவார்களா? நான் உதவுவது குற்றமா? விண்ணப்பத்தில் குடியுரிமை என்ற இடத்தில் என்ன எழுதுவது?

பதில்: அம்மையீர், முதலில் அவசரமான ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அந்தத் தரகரை இனி வாசற்படி ஏற விடாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஆதார் என்பது குடியுரிமைக்குச் சான்று அல்ல என்று ஆதார் சட்டமே கூறுகிறது. ஆகவே பணம் கொடுத்து வாங்கினாலும் அது இந்தக் குடும்பத்தின் நிலையை ஓர் அங்குலம்கூட மாற்றாது. ஆனால் பொய்யான விவரம் கொடுத்து ஆதார் பெற முயல்வது 3 ஆண்டுகள் வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம். போலி ஆவணம் சேர்ந்தால் அதற்கான பிரிவுகளும் சேரும். ஆதார், வாக்காளர் அட்டை போன்றவற்றை முறைகேடாகப் பெற்றதாக ரோஹிங்கியாக்கள் மீது பல மாநிலங்களில் வழக்குகள் பதிவாகியுள்ளன. அகதி என்று பரிவோடு பார்க்கப்பட வேண்டியவர், அந்த ஒரு தாளினால் குற்றவாளியாக நீதிமன்றத்தில் நிற்க நேர்கிறது.

இனி குடியுரிமைக்கு வருவோம். இந்திய மண்ணில் பிறந்தாலே குடிமகன் என்ற நிலை 1987 ஜூலை 1க்கு முன் பிறந்தவர்களோடு முடிந்துவிட்டது. அதற்குப் பின் பிறந்தவர்களுக்குத் தாய் தந்தையரில் ஒருவராவது இந்தியக் குடிமகனாக இருக்க வேண்டும் என்றும், 2004 டிசம்பர் 3 முதல் பிறந்தவர்களுக்கு இருவரும் குடிமக்களாகவோ, ஒருவர் குடிமகனாகவும் மற்றவர் சட்டவிரோதக் குடியேறி அல்லாதவராகவோ இருக்க வேண்டும் என்றும் 1955ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின் 3ஆம் பிரிவு படிப்படியாக இறுக்கப்பட்டது. மண்டபம் முகாமில் 1986இல் பிறந்த இலங்கைத் தமிழ்ப் பெண் ஒருவர் பிறப்பால் இந்தியரே என்று கொண்டு, அவருக்குக் கடவுச்சீட்டு வழங்குமாறு சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2022இல் உத்தரவிட்டதைப் பலர் செய்தித்தாள்களில் படித்திருப்பீர்கள். உங்கள் மாணவி 2013இல் பிறந்தவள் என்பதால் அந்தத் தீர்ப்பு அவளுக்குப் பயன்படாது. 2019ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டமும் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் ஆகிய மூன்று நாடுகளிலிருந்து வந்த, அதில் பெயர் குறிப்பிடப்பட்ட ஆறு சமயத்தவருக்கு மட்டுமே உரியது. மியான்மரும் அதில் இல்லை, இஸ்லாமியரும் இல்லை.

அப்படியானால் அவள் மியான்மர் குடிமகளா என்றால், அங்கேதான் இந்த வழக்கின் வேர் இருக்கிறது. தந்தையின் கைப்பேசியில் உள்ள படம், மூன்றாக மடிக்கும் அமைப்பு கொண்ட பழைய தேசியப் பதிவு அட்டையாக இருக்கும் என்று ஊகிக்கிறேன். 1950களில் அந்த நாட்டு அரசு தன் குடிகளுக்கு வழங்கிய அதே அட்டை ரோஹிங்கியாக்களுக்கும் வழங்கப்பட்டது. 1982இல் ராணுவ ஆட்சி கொண்டுவந்த குடியுரிமைச் சட்டம், 1823ஆம் ஆண்டுக்கு முன்பே, அதாவது முதல் ஆங்கிலேய பர்மியப் போருக்கு முன்பே, அந்த மண்ணில் குடியிருந்த இனங்களை மட்டும் தேசிய இனங்களாகக் கொண்டது. எந்த இனம் தேசிய இனம் என்று முடிவு செய்யும் அதிகாரத்தையும் அது அரசுக்கே கொடுத்தது. பின்னர் அரசு காட்டிவரும் 135 இனங்களின் பட்டியலில் ரோஹிங்கியா இல்லை.

ஆனால் அதே சட்டத்தின் 6ஆம் பிரிவு, சட்டம் நடைமுறைக்கு வரும் நாளில் ஏற்கெனவே குடிமகனாக இருப்பவர் குடிமகனாகவே தொடர்வார் என்று சொல்கிறது. எழுத்தின்படி நடந்திருந்தால், 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் குடிமக்களாக இருந்த பல ரோஹிங்கியாக் குடும்பங்கள் இன்றும் குடிமக்களே. நடந்தது வேறு. 1989 முதல் பழைய அட்டைகளைத் திரும்பப் பெற்றுப் புதிய அட்டைகள் வழங்கியபோது ரோஹிங்கியாக்களில் மிகப் பெரும்பாலோருக்குப் புதியது தரப்படவில்லை. 1995 முதல் வெள்ளை அட்டை என்ற தற்காலிகச் சான்று தந்தார்கள். 2010 தேர்தலில் அதை வைத்து வாக்களித்தவர்களின் அட்டைகள் 2015இல் செல்லாதவை என்று அறிவிக்கப்பட்டன. அதன்பின் நீட்டப்பட்ட சரிபார்ப்பு அட்டையை, தங்களை வெளிநாட்டார் என்று தாங்களே ஒப்புக்கொள்வதாகும் என்று பலர் வாங்க மறுத்தனர். 2017 ஆகஸ்ட் 25க்குப் பின் 7 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வங்கதேசத்தின் காக்ஸ் பஜாருக்கு ஓடியபோது, அவர்களில் பலர் கையில் கொண்டுபோனதும் இத்தகைய காகிதங்களைத்தான். காம்பியா 2019இல் தொடுத்த இனப்படுகொலை வழக்கில், ரோஹிங்கியாக்களைப் பாதுகாக்குமாறு சர்வதேச நீதிமன்றம் மியான்மருக்கு 2020 ஜனவரி 23 அன்று இடைக்கால உத்தரவு பிறப்பித்தது. இந்தக் குடும்பம் ஒருகாலத்தில் அந்த நாட்டின் குடிகளாக நடத்தப்பட்டதற்கு அந்தப் பழைய அட்டை ஒரு சான்று. ஆகவே கைப்பேசியில் உள்ள படத்தை அச்செடுத்து இரண்டு மூன்று இடங்களில் வைக்கச் சொல்லுங்கள். அசல் யாரிடமாவது ஊரில் இருந்தால் அதன் இருபுறத்தையும் எழுத்து தெரியும்படி படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

ஆக இன்றைய நிலையில் உங்கள் மாணவி நாடற்றவள். நாடற்றோர் நிலை குறித்த 1954, 1961ஆம் ஆண்டு உடன்படிக்கைகளிலோ, 1951ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையிலோ இந்தியா சேரவில்லை. சாத்தியமாகத் தெரியும் ஒரே வாசலையும் மிகைப்படுத்தாமல் சொல்கிறேன். உரிய ஆவணமின்றி நாட்டுக்குள் நுழைந்த அல்லது அனுமதிக் காலம் கடந்து தங்கிய வெளிநாட்டாரையே சட்டவிரோதக் குடியேறி என்று சட்டம் வரையறுக்கிறது. இங்கேயே பிறந்த குழந்தை எங்கிருந்தும் நுழையவில்லை. வேறொரு பின்னணி கொண்ட வழக்கில், இந்தியாவில் பிறந்த நாடற்ற இளம்பெண் ஒருவரைச் சட்டவிரோதக் குடியேறி என்று கொள்ள முடியாது என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2024இல் கூறியிருக்கிறது. ஆனால் அவர் இந்திய வம்சாவளியினர் என்பதால் பதிவின் மூலம் குடியுரிமை பெறும் வழி அவருக்கு இருந்தது. உங்கள் மாணவிக்கு அது கிடையாது. 18 வயது நிறைந்தபின் இந்தியக் குடியுரிமைச் சட்டத்தின் 6ஆம் பிரிவின் கீழ் இயல்புக் குடியுரிமைக்கு, அதாவது நெடுங்காலம் இங்கே வசித்த வெளிநாட்டாருக்கு வழங்கப்படும் குடியுரிமைக்கு, விண்ணப்பித்து, இந்த வாதத்தை முன்வைக்கலாம். அதற்கான தகுதிகளில், அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள மொழி ஒன்றில் போதிய அறிவு வேண்டும் என்பதும் ஒன்று. தமிழ் அந்த அட்டவணையில் இருப்பதால், அந்த ஒரு தகுதியையாவது உங்கள் மாலை வகுப்பு நிறைவு செய்துவிட்டது என்று சொல்லலாம். மற்றபடி, காரணம் கூறாமலே விண்ணப்பத்தை மறுக்க மத்திய அரசுக்கு அதிகாரம் உண்டு என்பதை மறந்துவிட வேண்டாம்.

பள்ளி விஷயத்தில் சட்டம் உங்கள் பக்கம் கூடுதலாக நிற்கிறது. அரசியலமைப்பின் 21ஏ பிரிவும் கல்வி உரிமைச் சட்டமும் 6 முதல் 14 வயது வரையுள்ள குழந்தைகள் என்றுதான் சொல்கின்றன, குடிமக்களின் குழந்தைகள் என்று சொல்லவில்லை. பள்ளிச் சேர்க்கைக்கு ஆதாரைக் கட்டாயமாக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 26 தீர்ப்பில் கூறியுள்ளது. ரோஹிங்கியாக் குழந்தைகள் அரசுப் பள்ளிகளை நேரடியாக அணுகலாம் என்றும், சேர்க்கை மறுக்கப்பட்டால் உயர் நீதிமன்றத்துக்குச் செல்லலாம் என்றும் அதே நீதிமன்றம் 2025 பிப்ரவரியில் தெரிவித்தது. ஒன்பதாம் வகுப்பு கல்வி உரிமைச் சட்டத்தின் எல்லைக்கு வெளியே விழுவதால், தனியார் பள்ளியோடு போராடிக் காலத்தைக் கழிக்காமல் அரசு உயர்நிலைப் பள்ளியில் எழுத்து மூலம் விண்ணப்பித்து, விண்ணப்பம் பெற்றதற்கான ஒப்புகைச் சீட்டு பெறுங்கள். மறுத்தால் மறுப்பையும் எழுத்தில் கேளுங்கள். வாய்மொழி மறுப்பை வைத்துக்கொண்டு ரிட் மனு போடுவது கடினம்.

திருப்பி அனுப்புவது பற்றி உறுதியான ஆறுதல் எதையும் நான் தர இயலாது. ஜம்முவில் பிடித்து வைக்கப்பட்ட ரோஹிங்கியாக்கள் தொடர்பான வழக்கில், சமத்துவத்தையும் உயிர்வாழும் உரிமையையும் காக்கும் அரசியலமைப்பின் 14, 21ஆம் பிரிவுகள் குடிமக்கள் அல்லாதவருக்கும் உரியவை என்று ஏற்ற உச்ச நீதிமன்றம், வெளியேற்றப்படாமல் இருக்கும் உரிமை குடிமக்களுக்கே உரியது என்று கூறி, உரிய நடைமுறையைப் பின்பற்றாமல் அவர்களை அனுப்பக் கூடாது என்ற அளவில் 2021 ஏப்ரல் 8 அன்று உத்தரவிட்டது. மணிப்பூர் உயர் நீதிமன்றம் அடுத்த மாதமே, ஆபத்து காத்திருக்கும் நாட்டுக்கு ஒருவரைத் திருப்பி அனுப்பாமை 21ஆம் பிரிவுக்குள் அடங்கும் என்று கூறி, மியான்மரிலிருந்து வந்த ஏழு பேரை டெல்லியிலுள்ள ஐ.நா. அகதிகள் அலுவலகத்தை அணுக அனுமதித்தது. இவர்கள் அகதிகளா, சட்டவிரோதமாக நுழைந்தவர்களா என்பதையே விசாரணைக்குரிய கேள்வியாக உச்ச நீதிமன்றம் 2025 ஜூலை 31 அன்று வகுத்தது. ஐ.நா. அட்டைக்குச் சட்ட அங்கீகாரம் இல்லை என்றாலும், பாதுகாப்பு கோரியிருக்கிறார் என்பதற்கு அது சான்று. காலாவதியாகுமுன் புதுப்பித்து வைக்க வேண்டும்.

2025 செப்டம்பர் 1 முதல் நடைமுறையில் உள்ள குடியேற்றம் மற்றும் வெளிநாட்டினர் சட்டத்தின்படி, உரிய ஆவணமின்றி நுழைந்ததற்கு 5 ஆண்டுகள் வரை சிறையும் 5 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம். 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழ் அகதிகளுக்கு மத்திய அரசு தண்டனையிலிருந்து விலக்கு அளித்திருக்கிறது. ரோஹிங்கியாக்களுக்கு அத்தகைய விலக்கு இல்லை. வேறுபாட்டுக்கு நியாயமான காரணம் எனக்குப் புலப்படவில்லை. ஆனால் அரசு விலக்கு அளிக்காதவரை அதுவே சட்டம்.

பாடம் சொல்லித் தருவது எந்தச் சட்டத்தின்படியும் குற்றமாகாது. வீட்டை வாடகைக்கு விட்டால் வெளிநாட்டினர் பதிவு அதிகாரிக்குத் தெரிவிக்கும் கடமை உங்களுக்கு வரும். பள்ளிக்கும் அதே கடமை உண்டு. தெரிவிப்பது ஒன்று, சேர்க்க மறுப்பது வேறு.

குடியுரிமை என்ற இடத்தில் இந்தியர் என்று எழுதாதீர்கள், அது பொய்யாகும். மியான்மர் என்றும் எழுதாதீர்கள், அந்த நாடு ஏற்காத ஒன்றை நீங்கள் ஏற்றுக்கொடுத்ததாகும். "தீர்மானிக்கப்படவில்லை, பெற்றோர் ரக்கைன் மாநிலத்திலிருந்து வந்த ரோஹிங்கியா அகதிகள்" என்று எழுதிப் பிறப்புச் சான்றிதழ் நகலை இணையுங்கள். காவல்துறை குடும்பத்தினர் யாரையாவது அழைத்துச் சென்றால், 24 மணி நேரத்துக்குள் நீதித்துறை நடுவர் முன் நிறுத்த வேண்டும் என்ற அரசியலமைப்பின் 22ஆம் பிரிவின் பாதுகாப்பு பகைநாட்டவருக்கும் தடுப்புக் காவல் சட்டத்தின் கீழ் பிடிக்கப்பட்டவருக்கும் மட்டுமே மறுக்கப்பட்டிருக்கிறது, குடிமக்கள் அல்லாதவர் என்பதற்காக இவர்களுக்கு அல்ல. பெண்கள், குழந்தைகள், காவலில் உள்ளோர் எவராயினும் குடியுரிமை பாராமல் இலவச சட்ட உதவி பெறத் தகுதியுடையவர்கள். 15100 என்ற எண்ணிலோ, மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவிலோ முன்கூட்டியே பேசி, ஒரு வழக்கறிஞரிடம் வக்காலத்தில் கையெழுத்திட்டுக் கொடுத்து வைக்கச் சொல்லுங்கள். ஆட்கொணர்வு மனு தாக்கல் செய்ய வேண்டிய இரவில் கையெழுத்துக்கு ஆளைத் தேடிக்கொண்டிருக்க முடியாது.