ஒரு பக்கம் மட்டும் சுற்றும் வாஷிங் மெஷின்: மோட்டாரை மாற்ற வேண்டுமா?

கேள்வி: எங்கள் வீட்டில் 6.5 கிலோ டாப் லோடு ஃபுல்லி ஆட்டோமேட்டிக் மெஷின், ஏழு வருடப் பழையது, இன்வெர்ட்டர் இல்லாத மாடல். இரண்டு வாரமாக, துவைக்கும்போது அடியில் உள்ள தட்டு ஒரு பக்கம் மட்டும்தான் சுற்றுகிறது. மறுபக்கம் திரும்ப வேண்டிய நேரத்தில் சத்தமே இல்லாமல் நிற்கிறது. துணியெல்லாம் கயிறு மாதிரி முறுக்கிக்கொண்டு வருகிறது. ஸ்பின் மட்டும் ஒழுங்காக நடக்கிறது. மெக்கானிக் வந்து பார்த்துவிட்டு, மோட்டார் போய்விட்டது என்கிறார். மாற்றலாமா? இல்லை, இன்வெர்ட்டர் மெஷினே வாங்கிவிடலாமா?

பதில்: மோட்டாரை மாற்றாதீர்கள். நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால், போயிருப்பது மோட்டார் இல்லை.

மேசை ஃபேனுக்கு ஒரே பக்கம் சுற்றினால் போதும். துவைக்கிற மோட்டாருக்கோ நிமிடத்துக்குப் பல தடவை திரும்ப வேண்டும். அதனால் அதில் இருக்கும் இரண்டு வைண்டிங்கும், அதாவது கம்பிச் சுருளும், ஒரே கனம், ஒரே சுற்று. வெளியே வருவது மூன்று ஒயர்: ஒன்று பொது, மற்ற இரண்டும் ஆளுக்கொரு வைண்டிங்குக்கு. அந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு கெபாசிட்டர், நம் மெக்கானிக்குகள் மொழியில் கண்டென்சர். முதல் வைண்டிங்குக்கு நேராகக் கரண்ட் கொடுத்தால், இரண்டாவதற்குக் கண்டென்சர் வழியாகக் கொஞ்சம் முன்பின்னாகப் போய்ச் சேரும். அந்த முன்பின்தான் மோட்டாரை ஒரு திசையில் சுழற்றுகிறது. இரண்டாவதற்கு நேராகக் கொடுத்தால் வேலை இடம் மாறி, மோட்டார் எதிர்த்திசையில் திரும்பும்.

அதாவது எந்தப் பக்கம் சுற்றினாலும் இரண்டு வைண்டிங்கும் கண்டென்சரும் சேர்ந்துதான் உழைக்கின்றன. ஒரு பக்கம் தெம்பாகச் சுற்றுகிறது என்றால் மூன்றுமே நன்றாக இருக்கின்றன என்று அர்த்தம். ஸ்பின் எப்போதும் ஒரே திசைதான். உங்களுக்குப் பிழைத்திருப்பது அந்தத் திசை. அதனால்தான் அதில் குறை தெரியவில்லை.

எந்த வைண்டிங்குக்கு நேராகக் கொடுப்பது என்பதை போர்டு, அதாவது மெஷினை இயக்கும் எலக்ட்ரானிக் அட்டை, முடிவு செய்கிறது. அதற்காக அதில் இரண்டு டிரையாக்குகள் உண்டு, திசைக்கு ஒன்று. டிரையாக் என்பது அசையும் பாகம் இல்லாத சுவிட்ச். ஒன்று சிறிது நேரம் கரண்ட் விடும், நிறுத்தும், ஒரு இடைவெளி, பிறகு மற்றது. அந்த இடைவெளி வீண் இல்லை. கரண்ட் நின்ற பிறகும் மோட்டார் சற்று ஓடும். ஓடும்போது அதுவே கொஞ்சம் மின்சாரம் உண்டாக்கும். பல மாடல்களில் போர்டு அந்த மின்சாரத்தின் துடிப்புகளை எண்ணுகிறது. துணி அதிகமென்றால் சீக்கிரம் நின்றுவிடும், எண்ணிக்கை குறையும். தண்ணீர் விடுவதற்கு முன்பே மெஷின் இரண்டு மூன்று தடவை உதறிப் பார்ப்பது இதற்காகத்தான், துணியை எடை போடுகிறது!

சரி, காதை வைத்தே பாதி நோயைக் கண்டுபிடித்துவிடலாம். இரண்டு பக்கமும் 'ம்ம்' என்று உறுமிவிட்டு நகராமல் நின்றால் கண்டென்சர், அது சரியாக இருந்தால் வைண்டிங். மோட்டார் சத்தம் நன்றாகக் கேட்டும் தட்டு அசையவில்லை என்றால் பெல்ட், அல்லது தட்டின் நடுவே இருக்கும் பல் துளை தேய்ந்திருக்கும். துவைக்கும்போதே டப்பும் கூடச் சுற்றினால், ஸ்பின்னில் டப்பை மோட்டாரோடு இணைக்கும் கிளட்ச், டப்பைப் பிடித்து நிறுத்தும் பிரேக் பக்கம் பார்க்க வேண்டும். ஒரு பக்கம் இடைவெளியே விடாமல் சுற்றிக்கொண்டு, திரும்ப வேண்டிய நேரத்தில் மட்டும் உறுமினால் ஒரு டிரையாக் ஷார்ட் ஆகி, நிறுத்தாமல் கரண்ட் விட்டுக்கொண்டிருக்கலாம்; அப்போது உடனே நிறுத்திவிடுங்கள், வைண்டிங் எரிந்துவிடும்.

உங்களுடையது இதில் எதுவும் இல்லை. ஒரு பக்கம் சரி, மறுபக்கம் மௌனம். அந்தப் பக்கத்துக்குக் கரண்டே போகவில்லை. காரணம் இரண்டில் ஒன்று: போர்டிலிருந்து வரும் ஒயர் அறுந்திருக்கும், அல்லது அந்தத் திசையின் டிரையாக் இறந்திருக்கும். ஒயரை முதலில் பாருங்கள். டாப் லோடு மெஷின்கள் பலவற்றின் அடிப்பக்கம் திறந்தே கிடக்கும், எலிக்கு வசதியான வீடு. போர்டு மாற்றியும் சரியாகாத மெஷின் ஒன்றை நானே பார்த்திருக்கிறேன். கடைசியில் எலி கடித்த ஒரே ஒரு ஒயர்தான்.

மெக்கானிக்கிடம் இரண்டு சோதனை செய்யச் சொல்லுங்கள். பிளக்கைப் பிடுங்கி, கண்டென்சரில் தங்கியிருக்கும் சார்ஜை இறக்கிய பிறகு, மோட்டார் கனெக்டரைக் கழற்றி மல்டிமீட்டரில் ஓம், அதாவது மின்தடை, பார்க்க வேண்டும். பொது ஒயரிலிருந்து மற்ற இரண்டுக்கும் ஏறக்குறைய ஒரே அளவு வரும். அந்த இரண்டுக்கும் நடுவே அதைப் போல் இரு மடங்கு. வந்தால் வைண்டிங் பத்திரம். அடுத்தது, அந்த இரண்டு ஒயரையும் இடம் மாற்றிக் கொடுத்துத் துவைக்க ஓட்டிப் பார்ப்பது. இதுவரை சுற்றாத திசையில் மோட்டார் இப்போது சுற்றும். அதைக் கண்ணால் பார்த்த பிறகும் யாரும் மோட்டார் விற்க மாட்டார்கள். ஸ்பின் போடுவதற்கு முன் ஒயரைப் பழையபடி மாற்றிவிட வேண்டும். கிளட்ச் ஸ்பிரிங் ஒரு திசையில்தான் பிடிக்கும்.

ஒயர் நன்றாக இருந்தால் போர்டுதான். பல கம்பெனிகள் ஈரம் புகாமலிருக்கப் போர்டின் மேல் பிசின் ஊற்றிவிடுவதால், சர்வீஸ் ஆட்கள் முழுப் போர்டையும் மாற்றவே சொல்வார்கள். பிசினைச் சுரண்டி டிரையாக் ஒன்றை மட்டும் மாற்றித் தரும் கடைகளும் உண்டு. முதலில் அங்கே ஒரு தடவை கேட்டுப் பாருங்கள்.

அப்புறம் இன்வெர்ட்டர் மெஷின். கரண்ட் போனால் ஓடும் பேட்டரி இன்வெர்ட்டருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, இந்தக் குழப்பத்தில் வாங்கியவர்கள் இருக்கிறார்கள். உங்கள் பழைய மோட்டார் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்துக்குக் கட்டுப்பட்டது. நிமிடத்துக்கு 1500 சுற்றுக்குக் கொஞ்சம் கீழே ஒரே வேகம், அதைப் பெல்ட்டும் கியரும்தான் குறைக்கின்றன. வோல்டேஜ் 230-லிருந்து 180-க்கு இறங்கினால் இழுவை ஏறக்குறைய 60 சதவீதமாகிவிடும். இன்வெர்ட்டரில் வருகிற ஏ.சி.யை டி.சி. ஆக்கி, அதிலிருந்து வேண்டிய வேகத்துக்கு மூன்று பேஸ் மின்சாரம் தயாரித்து, காந்தம் பதித்த மோட்டாருக்குக் கொடுக்கிறார்கள். மெதுவாகவும் ஆட்டலாம், வேகமாகவும் சுழற்றலாம், சத்தம் குறைவு. நியூசிலாந்தின் ஃபிஷர் அண்ட் பேக்கல் 1991-இல் இப்படிப் பெல்ட்டே இல்லாத மெஷின் கொண்டுவந்தது. தண்ணீர் நிரம்பினால் அதன் டப் மிதந்து மேலேறி அச்சைவிட்டு விலகும், வடிந்தால் இறங்கிப் பூட்டிக்கொள்ளும்; தனி கிளட்ச் தேவையில்லை. எனக்கு மிகவும் பிடித்த வடிவமைப்பு அது.

ஆனால் இன்வெர்ட்டரில் திசை, வேகம் எல்லாமே போர்டின் கையில். அந்தப் போர்டு போனால் செலவு உங்கள் பழைய போர்டைவிட அதிகம். டப் துருப்பிடிக்காமல், பேரிங் கடகடக்காமல் இருந்தால் இந்த மெஷினையே சரிசெய்து ஓட்டுங்கள். அதுவரை துவைக்க வேண்டியிருந்தால் பாதித் துணி மட்டும் போடுங்கள், புடவையையும் வேட்டியையும் தனியாகக் கையால் அலசிவிடுங்கள்.